கெசையாவுக்கு இரண்டு கல்லறை

ஜனவரி 14, 2024, ஞாயிறு

இன்று ஆராதனை முடிந்ததும் இவர் எழுந்து நின்று, ஜூன் மாதம் நாங்கள் இருவரும் அமெரிக்கா போகிறோம் என்று சபைக்கு அறிவித்துவிட்டார். மகளைப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னால் போதாதா? "எங்கள் குடும்பத்தின் மூதாட்டி கெசையா ஹோல்டன் பிறந்த மண்ணை மிதித்துவிட்டு வருவேன்" என்று தொண்டை கரகரக்கச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாவிட்டால் மத்தியானம் சாப்பாட்டில் குறை கண்டுபிடிப்பார்.

கெசையாவின் கதையை எங்கள் கலியாணம் பேசி வந்த நாளிலிருந்து கேட்டு வருகிறேன். அமெரிக்காவில் ஆர்டன்வில் என்ற ஊரில் பிறந்த வெள்ளைக்காரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கக் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தவ. சின்னத்தம்பி உபதேசியாரைக் கலியாணம் முடித்து, இங்கேயே பிள்ளை பெற்று, இங்கேயே கண்ணை மூடினவ. வாந்திபேதிக் கொள்ளைநோய்க் காலத்தில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருக்க, கஞ்சிப் பானையோடு வீடு வீடாகப் போனவ. பிள்ளைகள் தகப்பன் பெயரை விட்டுத் தாயின் ஹோல்டனைப் பின்னால் போட்டுக்கொண்டார்கள். துரைமாரிடம் உத்தியோகம் கேட்கப் போகையில் அது உதவியிருக்கும் என்று நான் ஒரு நாள் சொல்லி, இரண்டு நாள் பேச்சில்லாமல் இருந்தோம்.

இவருடைய முழுப்பெயர் எட்வின் அரியரத்தினம் ஹோல்டன். ஓய்வுபெற்ற நில அளவையாளர். மூக்கு கொஞ்சம் கூர். அது அமெரிக்க மூக்காம்.

ஜனவரி 17, புதன்

தண்ணீர் மோட்டர் பழுது. நாளைக்குத் திருத்துகிறேன் என்றவன் வரவில்லை. கிணற்றில் அள்ளிக் குளித்தோம்.

பெப்ரவரி 3, சனி

மகள் ஷாமினி கூப்பிட்டாள். அவள் இருக்கும் இடத்திலிருந்து ஆர்டன்வில் காரில் ஒரு மணித்தியாலம்தானாம். அந்த ஊரின் பழைய சங்கதிகளைத் தேடி வைக்கும் ஜோன் என்ற பெண்ணைப் பிடித்திருக்கிறாள். ஓய்வுபெற்ற பள்ளி பஸ் சாரதியாம் ஜோன். அவருக்குக் கெசையா அகப்பட்டுவிட்டா!

பிறந்தது 1809. தகப்பன் மரம் தறிக்கும்போது மரம் விழுந்து செத்துப்போனார். அடுத்த குளிர்காலத்தில் தாயும் போய்விட்டா. மிஞ்சியது ஏழு வயதுக் கெசையாவும் தம்பியும். அந்த ஊர் வழக்கப்படி, அநாதைப் பிள்ளைகளை ஊர்க் கூட்டத்தில் நிறுத்தி, ஆகக் குறைந்த செலவில் வைத்துப் பார்ப்பேன் என்று சொல்கிறவரிடம் கொடுத்துவிடுவார்களாம். தம்பி ஒரு வீட்டுக்கு, இவ இன்னொரு வீட்டுக்கு. பதினெட்டு வயதுவரைக்கும் வேலை.

இவர் அதைக் கேட்டு, "பாத்தீரே, எப்பிடிப்பட்ட மனுசி!" என்று மேசையில் தட்டினார்.

எனக்கு அந்தக் கூட்டத்தில் நின்ற பிள்ளையின் கால்தான் கண்ணுக்குள் நின்றது. செருப்புப் போட்டிருந்தாளோ என்னவோ.

பெப்ரவரி 9, வெள்ளி

இவர் பெரிய தாளில் வம்சப் படம் வரையத் தொடங்கிவிட்டார். வீதி அளக்கிற மாதிரி அடிமட்டம், நான்கு நிற மை. உச்சியில் கெசையா. சாப்பாட்டு மேசை முழுவதும் தாள், நாங்கள் குசினியில் நின்று சாப்பிடுகிறோம்.

பெப்ரவரி 24, சனி

ஜோன் இன்னும் கிண்டியிருக்கிறார். நல்ல கைராசிக்காரி. கெசையா பதினெட்டு வயதில் அந்த வீட்டு வேலை முடிந்து வெளியே வந்த பிறகு, ஓலைத் தொப்பி பின்னிச் சீவியம் நடத்தினாவாம். அந்தப் பக்கத்துப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே தொப்பி பின்னிக் கடைக்காரனுக்குக் கொடுப்பார்களாம். "பனையோலையோ?" என்று இவர் துள்ளினார். இல்லை, கியூபாவிலிருந்து வந்த ஏதோ ஓலை என்றாள் ஷாமினி. இவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

யாரோ ஒருவர் வீட்டின் பின்னறையில் தனியே இருந்து, விரல் வெடிக்க வெடிக்கத் தொப்பி பின்னிய மனுசி. எனக்கு இவவை நன்றாகப் பிடித்துப்போய்விட்டது. முன்பு கப்பலேறி வந்த துரைசாணியாகத்தான் நினைத்திருந்தேன். அந்தக் கெசையா எனக்கு என்றைக்கும் ஒட்டவில்லை. இந்தக் கெசையாவோடு இருந்து தேத்தண்ணீர் குடிக்கலாம்.

மார்ச் 9, சனி

ஷாமினி ஒரு படம் அனுப்பினாள். ஆர்டன்வில் மயானத்தில் புல்லுக்குள் விழுந்து கிடந்த ஒரு கல். ஜோன் தூரிகையால் துடைத்து எடுத்திருக்கிறார். கெசையா ஹோல்டன். இறந்தது 1871.

எங்களுடைய கெசையா எங்கள் சபைக் கோயிலின் பின் வளவில் படுத்திருக்கிறா. இறந்தது 1889.

"ஒரு ஆளுக்கு ரெண்டு கல்லறை எப்பிடி?" என்று கேட்டேன்.

"அது நினைவுக் கல்லு," என்றார் இவர், தாளிலிருந்து தலையை எடுக்காமல். "ஊரை விட்டுப் போனவவுக்கு ஊராக்கள் வைச்ச கல்லு."

"அப்ப ஏன் சாகாத ஆண்டைப் போட்டு வைச்சவை?"

"உமக்கு எல்லாத்துக்கும் கேள்வி."

மார்ச் 10, ஞாயிறு

ஆராதனை முடிந்து இவர் வெளியே கதைத்துக்கொண்டு நிற்க, நான் பின்பக்கம் போனேன். அந்தக் கல்லை எத்தனை தரம் பார்த்திருப்பேன்! இன்றுதான் வாசித்தேன். "கெசையா ஹோல்டன், சின்னத்தம்பி உபதேசியாரின் மனைவி, வயது 62." ஆர்டன்வில்லில் பிறந்தவ என்றால் எண்பது வரவேண்டும். இவர் வாழ்நாள் முழுக்க அளந்த மனுசன், இந்த ஒரு கழித்தலைச் செய்து பார்க்கவில்லை. அல்லது செய்து பார்த்துவிட்டு, கல்லு வெட்டினவனில் பழியைப் போட்டிருப்பார்.

பக்கத்துக் கல்லுகளையும் பார்த்தேன். எல்லாம் அதே பெயர்கள். மார்த்தா ஏதோ, கந்தரின் மனைவி. லூசி ஏதோ, வேலுப்பிள்ளையின் மனைவி. இத்தனை வெள்ளைக்காரிகள் எங்கள் ஊரில் வந்து மாலை மாற்றினார்களா?

போதகர் தயாளினி ஒலிவாங்கிக் கம்பியைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தா. எங்கள் ஷாமினியைவிட இளையவ. கேட்டேன். சிரித்துவிட்டா.

"இவை ஒருத்தரும் வெள்ளைக்காரர் இல்லை அன்ரி. எங்கடை பிள்ளையள்தான். அந்தக் காலத்திலை பள்ளிக்கூட விடுதியிலை சேருற பிள்ளையின்ரை செலவை அமெரிக்காவிலை ஆராவது ஏற்பினம். ஏற்கிற ஆள் தன்ரை பேரைப் பிள்ளைக்கு வைக்கலாம். கனபேர் அப்பிடித்தான் வைச்சவை. உங்களுக்குத் தெரியாதே?"

"எனக்குத் தெரியாது."

"அங்கிளுக்கு?"

நான் குனிந்து கெசையாவின் கல்லில் கிடந்த சருகைத் தட்டினேன். அவவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

ஆக, ஆர்டன்வில் கெசையா ஆர்டன்வில்லை விட்டு ஒரு அடி நகரவில்லை. பின்னறையில் இருந்து தொப்பி பின்னி, அந்தக் காசில் உலகத்தின் மறுகரையில் ஒரு பிள்ளையைப் படிப்பித்திருக்கிறா. தன் பெயரை அவளுக்குக் கொடுத்திருக்கிறா. வீடு இல்லை, காணி இல்லை, பிள்ளை இல்லை. கொடுக்க அவவிடம் இருந்தது அது ஒன்றுதான். இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்குகிறது, ஏன் மறைக்க வேண்டும்?

வீட்டுக்கு வந்தோம். இவர் வம்சப் படத்தின் உச்சியில் ஒரு சின்னக் கப்பல் வரைந்துகொண்டிருந்தார். சொல்லவில்லை.

மார்ச் 13, புதன்

இவருக்குப் பிடித்த கூழ் காய்ச்சினேன். இரண்டு தரம் வாங்கிக் குடித்தார். இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அடுத்த கிழமை சபைச் சஞ்சிகைக்கு இவர் கட்டுரை கொடுக்க இருந்தார். அதற்கு மேல் வைத்திருப்பது துரோகம்.

இவர் கேட்டு முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். கோயில் வளவுக்குத்தான் போனார் என்று எனக்குத் தெரியும். வெயில் இறங்கித்தான் வந்தார். தாளைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்தார்.

"ஷாமினிக்குச் சொல்லும், பயணம் இல்லையெண்டு."

"மகளைப் பாக்க வேண்டாமே?"

"நான் என்ன முகத்தோடை அங்கை போய் நிக்கிறது? சபை முழுக்கச் சொல்லிப்போட்டன். என்ரை அப்பா சொன்னவர், அவற்றை அப்பா சொன்னவர். எல்லாரும் பொய் சொன்னவையே?"

"ஒருத்தரும் பொய் சொல்லேல்லை. பேரைப் பாத்து ரத்தமெண்டு நினைச்சவை."

இவர் அறைக்குள் போய்ப் படுத்துவிட்டார்.

மார்ச் 22, வெள்ளி

முகம் வழிக்கவில்லை. ஐந்து நாள் தாடி. நான் ஒன்றும் பார்க்காத மாதிரி இருக்கிறேன். முருங்கைக்காய் கனக்கக் காய்த்திருக்கிறது, பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன்.

மார்ச் 31, உயிர்த்த ஞாயிறு

வழக்கமான முன்வரிசை வாங்கில் இருக்காமல் கடைசி வரிசையில் போய் இருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். "அமெரிக்காப் பயணம் எப்பிடிப் போகுது?" என்று மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேருக்கும் நான் வெயிலைப் பற்றிக் கதைத்தேன்.

ஏப்ரல் 6, சனி

ஷாமினியிடம் உண்மையை எப்போதோ சொல்லிவிட்டேன். அவள் ஜோனிடம் சொல்லியிருக்கிறாள். ஜோன் அழுதாராம். "இவ்வளவு நாளாக இந்த மனுசிக்கு ஒருத்தரும் இல்லையென்று நினைத்திருந்தேன்" என்றாராம்.

ஆனால் ஒரு சிக்கல். ஆர்டன்வில் மயானத்தின் பழைய பகுதியைத் துப்புரவாக்குகிறார்கள். விழுந்த கல்லைத் திரும்ப நிறுத்துவதற்குக் குடும்பத்தார் ஒருவர் வந்து நேரில் சொல்ல வேண்டும். அது அங்குள்ள விதி. ஒருவரும் வராவிட்டால், ஜூன் மாதத்துக்குப் பிறகு அந்தக் கல்லை எடுத்து, மதிலோரம் கிடக்கும் மற்ற உரிமையில்லாக் கல்லுகளோடு போட்டுவிடுவார்கள். பிறகு எந்த இடத்தில் அவ படுத்திருந்தா என்று ஒருவருக்கும் தெரியாது.

கெசையாவின் தம்பியின் வம்சத்தையும் ஜோன் தேடிப் பார்த்துவிட்டார். மேற்கே போனவன். பிள்ளைகள் காய்ச்சலில் போய்விட்டார்கள். அந்தக் கிளை அத்தோடு முடிந்தது.

ஏழு வயதில் கூட்டத்தில் நிறுத்தி யாருக்கு வேண்டும் என்று கேட்டார்கள். இப்போது திரும்பவும் கேட்கிறார்கள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

இவரிடம் சொன்னேன்.

"நான் நடந்து பாக்காத எல்லையை ஒரு நாளும் படத்திலை போட்டதில்லை. மேலதிகாரி சொல்லியும் போடேல்லை. இப்ப அவையளின்ரை மயானத்திலை போய் நிண்டு, நான் பேரப்பிள்ளையெண்டு பொய் சொல்லச் சொல்லுறீரோ?"

"பொய் சொல்லச் சொல்லேல்லை."

"அப்ப?"

நான் தேத்தண்ணீர் ஊற்ற எழுந்து போனேன். இவரில் எனக்குக் கோபம் வரவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன். இந்தப் பிடிவாதத்தால்தான் சண்டைக் காலத்துக்குப் பிறகு ஊரில் காணித் தகராறு வந்த ஆட்களெல்லாம் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப்பிறப்பு. பக்கத்து வீட்டிலிருந்து பலகாரம் வந்தது. பின்னேரம் இருவரும் முற்றத்தில் இருந்தோம். நான் சும்மா கதைக்கிற மாதிரித் தொடங்கினேன்.

"கொள்ளைநோய்க் காலத்திலை கஞ்சிப் பானையோடை போனது எங்கடை கெசையாதானே?"

"ஓம். அது உண்மை. ஊர் முழுக்க அந்தக் கதை இருக்கு."

"வெள்ளைக்காரி எண்டபடியாத்தான் பயப்பிடேல்லை எண்டு உங்கடை அம்மா சொல்லுவா. துரைமாரின்ரை மருந்து இருந்ததாம், கப்பல் இருந்ததாம். இவவுக்கு என்ன இருந்தது?"

நானே பதிலும் சொன்னேன்.

"ஒண்டும் இல்லை. எங்களைப் போலை ஒருத்தி. ஓடிப் போறதுக்கு இவவுக்கு ஒரு நாடில்லை. எல்லாரும் சாத்தின கதவைத் தட்டிக்கொண்டு போனவ. எனக்கெண்டால் அந்த வெள்ளைக்காரியைவிட இந்த மனுசிதான் பெரிய ஆள்."

நான் தாதியாக வேலை செய்தவள். வாந்திபேதி வார்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கையுறை, மருந்து, சேலைன் எல்லாம் இருந்தும் நாங்கள் பயந்துதான் நின்றோம்.

இவர் கேட்டார்: "பள்ளிக்கூடத்திலை சேர முன்னம் அவவுக்கு ஒரு பேர் இருந்திருக்குமெல்லே. தாய் அவவை என்னெண்டு கூப்பிட்டிருப்பா?"

தெரியாது. ஒருவருக்கும் தெரியாது. போதகருக்கும் தெரியாது. ஒரு பெயர் வந்ததற்காக இன்னொரு பெயர் அழிந்துபோயிருக்கிறது. அது எனக்கு நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. தொப்பி பின்னியவவில் கோபப்படவும் மனம் வரவில்லை.

ஏப்ரல் 20, சனி

மோட்டர் திரும்பவும் பழுது. இம்முறை இவரே திருத்தினார். கொஞ்சம் கதைத்தார், வடை சுடச் சொன்னார். நல்ல சகுனம்.

மே 4, சனி

இன்று சண்டை. பெரிய சண்டை.

ஷாமினி அழுதுகொண்டு கூப்பிட்டாள். பிள்ளைகள் அப்பப்பா வருவார், அம்மம்மா வருவா என்று நாள் எண்ணுகிறார்களாம். தாயின் தகப்பனை அப்பப்பா என்று சொல்லப் பழகிவிட்டார்கள், தாத்தா என்று திருத்த வேண்டும். அது வேறு கதை. இவர் தொலைபேசியை வாங்கி, "எனக்கு அவவின்ரை ரத்தம் ஒரு துளியும் இல்லை, நான் அங்கை ஆர்?" என்றார். அதே வசனத்தை இரண்டு மாதமாகக் கேட்கிறேன்.

எனக்குப் பொறுமை போய்விட்டது.

"முப்பது வருசம் ஆஸ்பத்திரியிலை ரத்தம் ஏத்தினவள் நான். எந்தப் போத்திலிலையும் குடும்பப் பேர் எழுதியிருக்கக் காணேல்லை! ரத்தம் ரத்தம் எண்டு சொல்லுறியள். நான் ஆர்? சுகிர்தம் ஹோல்டன் எண்டுதானே என்ரை பாஸ்போட்டிலை கிடக்கு? எனக்கு ஹோல்டன் ரத்தம் இருக்கே? ஒரு நாள் கோயிலிலை கையெழுத்து வைச்சன், நீங்கள் பேரைத் தந்தியள், நான் வாங்கினன். உங்கடை அம்மாவைக் கடைசிவரைக்கும் பாத்தன். உங்கடை தங்கச்சியின்ரை பிள்ளையளை வளத்தன். அப்ப நானும் இந்த வீட்டிலை ஒருத்தருமில்லையே? நீங்கள் கீறின படத்திலை எனக்கொரு பெட்டி இல்லை. ஒரு பெண்சாதிக்கும் இல்லை. நான் அதைப் பாக்கேல்லை எண்டு நினைச்சியளோ?"



இவர் கதிரையில் இருந்துவிட்டார். நான் குசினிக்குள் போய்த் தேவையில்லாத பாத்திரமெல்லாம் கழுவினேன். இந்தப் படம் எனக்குப் பெரிய விசயம் இல்லை. கதையோடு கதையாக வந்துவிட்டது, அவ்வளவுதான்.

மே 5, ஞாயிறு

முகம் வழித்திருந்தார். முன் வாங்கில் போய் இருந்தோம்.

ஆராதனை முடிவில் எழுந்து, கெசையாவின் உண்மைக் கதையை முழுவதுமாகச் சபைக்குச் சொன்னார். கை தட்டவில்லை ஒருவரும். ஆனால் வெளியே வந்தபோது வேலுப்பிள்ளை வழிவந்த ஒருவர் இவர் கையைப் பிடித்து, "அப்ப எங்கடை லூசியும்?" என்று கேட்டார். இருவரும் சேர்ந்து பின்பக்கம் போனார்கள்.

மே 21, செவ்வாய்

ஜூனிலும் குளிருமா என்று இவர் ஷாமினியைக் கேட்டார். கம்பளிக் காலுறை இரண்டு சோடி வாங்கினோம்.

ஜூன் 15, சனி, ஆர்டன்வில்

காரில் இருந்து எழுதுகிறேன்.

சின்ன ஊர். வெள்ளைக் கோயில், மேட்டில் மயானம், பச்சைப் புல். ஜோன் என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்தார். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. வேறும் பத்துப் பேர் வந்திருந்தார்கள். ஒருவருக்கும் கெசையா உறவில்லை. சும்மா வந்த நல்ல மனிதர்கள்.

கல் புல்லில் கிடந்தது. நான் நினைத்ததைவிடச் சிறிது. ஒரு பள்ளிப்பிள்ளையின் சிலேட்டைக் கொஞ்சம் பெரிதாக்கின மாதிரி. கல் நிறுத்துகிற இருவர் இரும்புக் கம்பியோடு தயாராக நின்றார்கள். மயானக் குழுத் தலைவர் வெண்டல் என்ற உயரமான கிழவர், தொப்பி போட்டிருந்தார்.

"கெசையா ஹோல்டனின் குடும்பத்தார் யாரும் இருக்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இவர் முன்னே போனார். கோட்டு, கழுத்துப்பட்டி. பழைய அரசாங்கக் கந்தோர் ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னார். தொப்பி பின்னிய காசு, பெயர், கஞ்சிப் பானை, இரண்டு கல்லறை. "எங்களிடம் இவருடைய இரத்தம் ஒரு துளியும் இல்லை" என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். ஜோன் கண்ணைத் துடைத்தார். கம்பி பிடித்தவர்களில் ஒருவன் தலையைக் குனிந்து நின்றான்.

வெண்டல் நல்ல மனிதர், ஆனால் விதி விதிதான். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "ஐயா, நான் இதை ஆம் அல்லது இல்லை என்றுதான் கேட்கலாம். நீங்கள் இவருடைய குடும்பமா?"

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். இந்த மனுசனை எனக்குத் தெரியும். இல்லை என்றுதான் சொல்லப் போகிறார், பொய் சொல்லமாட்டார், கல் மதிலோரம் போகப் போகிறது என்று நினைத்தேன்.

வந்து என் கையைப் பிடித்தார். நாற்பத்திரண்டு வருடத்தில் நாலு பேர் முன்னால் இவர் என் கையைப் பிடித்ததே இல்லை. பிடித்துக்கொண்டு போய்க் கல்லுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினார்.

"ஓம்," என்றார் தமிழிலேயே. பிறகு வெண்டலுக்கு விளங்க ஆங்கிலத்தில் சொன்னார்: "நாங்கள் இரண்டு பேரும்."

வெண்டல் தொப்பியைக் கழற்றினார். கல் நிறுத்துகிறவர்களைப் பார்த்து, "தூக்குங்கள்" என்றார்.

நானும் குனிந்து ஒரு கை கொடுத்தேன்.